எத்தனை நாளைக்கு என்று சொல்லிவிடுங்கள்

அன்புள்ள விழாக் குழுவினருக்கு,

வணக்கம். மன்றத்தின் பெயரை எழுதவில்லை. கடலூரில் தெரியாதவர்கள் கொஞ்சம் பேர்தான், பெயரையும் போட்டு இன்னும் சிரிப்பாய்ச் சிரிக்க வைப்பானேன். தலைவர் ஐயா, செயலாளர் தம்பி, பட்டிமன்ற நடுவரை வர வேண்டாம் என்று முடிவெடுத்த அன்றைக்கு ராத்திரி வாட்ஸ்ஆப் குழுவில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிய மற்றவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நேரில் சொல்லலாம் என்று இரண்டு தடவை கிளம்பினேன். நேரில் வந்தால் டீ வாங்கிக் கொடுத்து, "விடுங்கண்ணே, முடிஞ்சு போச்சு" என்பீர்கள். நானும் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வண்டிப்பாளையத்தில் மைக் செட் வைத்திருக்கிறவன். கூம்பு கட்டிய காலத்திலிருந்து பாக்ஸ் வைக்கிற இந்தக் காலம் வரைக்கும் உங்கள் ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கி போட்டது நான்தான். மேடைக்குப் பக்கவாட்டில் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆளை யாரும் கவனிப்பதில்லை. அவன் எல்லாரையும் கவனிப்பான். ஏறுவதற்கு முன்னால் யாருக்குக் கை நடுங்கும், இறங்கியதும் யார் கவரைப் பிரித்து எண்ணுவார், எந்தக் கவிஞர் மைக்கை வாயில் வைத்துக் கடிப்பார், எல்லாம் எனக்கு அத்துப்படி.

இந்த வருஷம் பட்டிமன்றத்துக்கு நடுவராக அழைத்திருந்தவரை, விழாவுக்கு 2 நாள் இருக்கும்போது, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். காரணம் ஒரு 40 நொடி வீடியோ. கறுப்பான பெண்ணைக் கட்டிக்கொண்டவன் கரண்ட் போனால் படும் பாட்டைப் பற்றி அவர் ஒரு காலத்தில் அடித்த 'ஜோக்'. முழுசாக எழுத மனசு வரவில்லை. அந்தக் காலத்தில் பொங்கல் டிவி நிகழ்ச்சிகளில் இந்த மாதிரி 10 நிமிஷத்துக்கு ஒன்று வரும் என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதனால் அது சரியாகிவிடாது. கேவலமான பேச்சு, அவ்வளவுதான். அதை ஞாயப்படுத்த நான் வரவில்லை.

அவர் போட்ட வருத்த அறிக்கையையும் படித்தேன். "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்." அந்த 'இருந்தால்' எனக்குப் பிடிக்கவில்லை. பாத்திரம் கழுவுகிறேன் என்று நுனிவிரலால் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. நல்ல தமிழ் தெரிந்த மனிதர், அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு எழுதத் தெரியாதவரா?

அவரைப் பற்றி இவ்வளவு போதும். உங்கள் அறிவிப்புக்கு வருகிறேன். "இனி எக்காலத்திலும் எங்கள் மேடையில் அவருக்கு இடமில்லை" என்று போட்டிருந்தீர்கள். எக்காலத்திலும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

அந்த வீடியோவைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, அது 12 வருஷத்துக்கு முன்னால் உங்கள் மேடையிலேயே பேசியது. அன்றைக்கு அவருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். வீடியோவை யூடியூபில் ஏற்றியதும் மன்றம்தான். ஆள் வர வேண்டாம் என்று அறிவித்த அதே நாள் சத்தமில்லாமல் அதை எடுத்துவிட்டீர்கள். இரண்டாவது, அந்த வீடியோவில் ஜோக் முடிந்ததும் மைக்குக்கு மிகப் பக்கத்தில் ஒரு சிரிப்பு கேட்கும். கரகரவென்று, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் சிரிப்பு. அது என்னுடையது.

அன்றைக்கு என் மகள் ஏழாம் வகுப்பு. ஸ்பீக்கர் பாக்ஸ் மேல் ஏறி உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் போலத்தான் அவள் நிறம். அப்பன் சிரிப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அடுத்த வாரம் சிவப்பழகு கிரீம் கேட்டு அம்மாவிடம் அடம் பிடித்தாள். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கு 12 வருஷம் ஆனது. அதுவும் நானாகப் போடவில்லை. வீடியோ சுற்றிக்கொண்டிருந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது அவளே சொன்னாள்.

நான் அவளிடம்தான் முதலில் இந்த வழக்கைப் பேசிப் பார்த்தேன். "பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி பேசினதுக்கு இப்போ ஒரு மனுசன உக்கார வைக்கலாமா?" என்றேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னாள். "மைக் கையில இருந்தவருக்கு மறுபடி மைக் குடுக்கணும்னு நீ ஏன்ப்பா அழுவுற? கேட்டுட்டு வீட்டுக்குப் போயி கண்ணாடியப் பாத்த பொண்ணுங்களுக்கு எந்த மைக் இருந்துச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அவள் நிறுத்தவும் இல்லை. 2018-இல் பாலியல் தொல்லைகளை வெளியே சொல்லும் மீ டூ இயக்கம் வந்தபோது பேசிய பாடகி சின்மயியை அதே வருஷம் நவம்பரில் டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கினார்களே, அதைச் சொன்னாள். சந்தா கட்டவில்லை என்பது சங்கம் சொன்ன காரணம். "நம்ம ஊர்ல கேன்சல் ஆவுறது எப்பவும் வாயத் தொறந்து சொன்னவங்கதான். அவங்களுக்கு எத்தினி நாள்னு யாராச்சும் கேட்டீங்களா?"

இதை நான் மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம், மன்னிப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போல அடிபடாத ஆட்களாக இருப்போம். பெருந்தன்மை நமக்குச் செலவில்லாமல் வரும். அடி வாங்கியவள் தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள்.

இருந்தாலும் உங்களை விட மாட்டேன். ஏன் என்று சொல்ல 2005-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் நடிகை குஷ்பு, திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு வார இதழுக்கு ஒரு கருத்து சொன்னார். கோயில் கட்டிக் கும்பிட்ட ரசிகர்கள் இருந்த இதே தமிழ்நாட்டில் துடைப்பமும் செருப்பும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். அவர் வருத்தம் தெரிவித்தார், அடங்கவில்லை. மேட்டூர் நீதிமன்றத்துக்கு வந்தவர் மேல் முட்டையும் தக்காளியும் பறந்தன. ஊர் ஊராக 20-க்கும் மேற்பட்ட வழக்குகள். 5 வருஷம் கழித்து, 2010 ஏப்ரலில், உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. கருத்து சொன்னது குற்றமே இல்லை என்று ஆனது.

எங்கள் பக்கத்தில் நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்துக்கு மைக் செட் போட்டது நான். வாடகை வாங்கவில்லை. "நம்ம பொண்ணுங்க மானம்" என்று யாரோ சொன்னார்கள், எனக்கும் ரத்தம் சூடேறியது. கோஷம் போட வந்தவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதும் மைக்கை நானே வாங்கிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. ஒரு நடிகையைப் பற்றி 2005-இல் ஒரு தெருமுனையில் என்ன கத்தியிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இதழை நான் படிக்கக்கூட இல்லை.

செல்போனில் படம் எடுக்காத காலம், தப்பித்தேன். என்னை யாரும் எந்தக் காலத்துக்கும் ஒதுக்கவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குக் கல்யாண மண்டபத்தில் "மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ" சொல்லிக்கொண்டிருந்தேன். குஷ்புவிடம் நான் இன்று வரை மன்னிப்புக் கேட்டதில்லை. எங்கே போய், யார் என்று சொல்லிக் கேட்பது? கூட்டத்தில் கத்தினவனுக்கு முகம் கிடையாது, அவனுக்குத் தண்டனையும் கிடையாது, அதனால் மன்னிப்பும் கிடையாது. அந்த ஆர்ப்பாட்டக் கூட்டமும் இன்றைக்கு உங்கள் வாட்ஸ்ஆப் குழுவும் ஒன்று என்று சொல்லவில்லை. நீங்கள் கேவலமான பேச்சை எதிர்த்தீர்கள், நாங்கள் எதிர்த்ததில் நியாயமே இல்லை. ஆனால் அந்த சூடு ஒன்றேதான். நான் உள்ளே நின்று பார்த்திருக்கிறேன்.

என் தொழிலில் ஒன்று உண்டு. மைக் ஊளையிடும், கேட்டிருப்பீர்கள். புதிதாக யாரும் சத்தம் போட்டிருக்க மாட்டார்கள். மைக்கில் விழுந்த சின்னச் சத்தம் பாக்ஸில் பெரிதாக வரும், அதையே மைக் மறுபடி வாங்கும், ஆம்ப்ளிஃபயர் இன்னும் பெரிதாக்கும், சுற்றிச் சுற்றிக் காதைக் கிழிக்கும். விவரம் தெரியாத பையன் பதறிப்போய் வயரைப் பிடுங்குவான். தெரிந்தவன் வால்யூமைக் கொஞ்சம் இறக்கி, பாக்ஸை மைக்குக்கு நேராக இல்லாமல் அந்தப் பக்கம் திருப்புவான். அன்றைக்கு ராத்திரி நீங்கள் வயரைப் பிடுங்கினீர்கள். சரி, காது வலித்தது, பிடுங்கினீர்கள். மறுபடி சொருகவே மாட்டோம் என்று சத்தியம் செய்ததைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

நம் கடற்கரைக் குப்பங்களில் ஊர்க் கட்டுப்பாடு என்று ஒன்று இருந்ததை, சில இடத்தில் இன்னும் இருப்பதை, நீங்கள் அறிவீர்கள். ஒரு குடும்பத்தை ஊர் தள்ளி வைக்கும். கடையில் சாமான் கிடையாது, நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது. எனக்கு அதில் துளியும் பிரியமில்லை. ஏழையையும், சாதி மாறிக் கட்டிக்கொண்ட பிள்ளைகளையும்தான் அது அதிகம் மிதித்தது. அந்தப் பொல்லாத ஏற்பாட்டில்கூட இவ்வளவு அபராதம், பொதுவில் வந்து ஒத்துக்கொள், இத்தனை நாள் கழித்து உள்ளே வா என்று பெரும்பாலும் ஒரு கணக்கு இருந்தது. படித்தவர்கள் நடத்தும் உங்கள் மன்றத்தின் தீர்ப்பில் அந்தக் கணக்கும் இல்லை.

சட்டத்தைப் பாருங்கள். இரண்டு வருஷமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்ற அரசியல்வாதி, விடுதலையாகி 6 வருஷம் ஆகும் வரை தேர்தலில் நிற்க முடியாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஏழாவது வருஷம் நிற்கலாம். ஊழல் செய்தவனுக்கே காலண்டரில் ஒரு தேதி இருக்கிறது.

கிரிக்கெட் பார்க்கிற தம்பிகளுக்கு இன்னும் சுலபமாகப் புரியும். 2018 மார்ச்சில் கேப் டவுனில் பந்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்த விவகாரம். ஆஸ்திரேலிய அணியின் ஸ்மித்துக்கும் வார்னருக்கும் ஒரு வருஷம் தடை, கையில் தாளை வைத்திருந்த பான்கிராஃப்டுக்கு 9 மாதம். ஸ்மித் சிட்னி விமான நிலையத்தில் அழுததை உலகமே பார்த்தது. தண்டனை முடிந்து 2019 உலகக் கோப்பைக்கு வந்தவரை லண்டன் ஓவல் மைதானத்தில் நம் ஆட்கள் கூச்சல் போட்டுக் கேலி செய்தபோது, பேட் பிடித்துக்கொண்டிருந்த கோலி திரும்பி, கை தட்டுங்கள் என்று சைகை காட்டினார். அந்தச் செயலுக்கு ஐசிசி பிற்பாடு விருதே கொடுத்தது. அதே வருஷம் ஆஷஸ் தொடரில் ஸ்மித் 4 டெஸ்டில் 774 ரன் எடுத்தார், அது அவர் பாடு. கோலி தவறை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. தண்டனை முடிந்துவிட்டது என்பதை அவர் கூட்டத்துக்கு ஞாபகப்படுத்தினார். ஞாபகப்படுத்த ஒரு தேதி இருந்தது.

புதுச்சேரிக்கு வேலைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இரண்டு தெருப் பெயர்ப் பலகைகள் கண்ணில் படும். ஒன்று நைனியப்பப் பிள்ளை வீதி, இன்னொன்று லல்லி தொலாந்தால் வீதி. நைனியப்பர் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தவர். 1716-இல் ஆளுநர் எபேர் காலத்தில் ராஜத்துரோகம், கொடுங்கோன்மை என்று குற்றம் சாட்டிச் சவுக்கால் அடித்து, சொத்தைப் பறித்துச் சிறையில் போட்டார்கள். அடுத்த வருஷம் சிறையிலேயே செத்தார். மகன் குருவப்பர் கப்பலேறி பாரிசுக்குப் போய் வழக்காடினார். தீர்ப்பு தப்பு என்று ஆனது. அப்பா வகித்த பதவியே மகனுக்கு வந்தது. அப்பா வரவில்லை.

லல்லி நம் கடலூருக்கும் வேண்டப்பட்டவர், அதாவது வேண்டாதவர். 1758 ஜூனில் ஆங்கிலேயரின் தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கிய பிரெஞ்சுத் தளபதி. இன்றைக்கு சில்வர் பீச்சுக்குப் போகிற வழியில் கோட்டை என்று காட்டப் பெரிதாக எதுவும் மிச்சமில்லாததில் அவருக்கும் பங்கு உண்டு. வந்தவாசியில் தோற்று, 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். தோல்விக்கு ஓர் ஆள் வேண்டுமே. பிரான்ஸ் அவரைத் துரோகி என்றது. 1766 மே மாதம் பாரிசில் தலையை வெட்டினார்கள். வழியில் பேசிவிடக் கூடாது என்று வாயை அடைத்துக் கூட்டிப்போனார்கள். மைக் செட்காரனான எனக்கு இந்த இடத்தில் எப்போதும் ஒரு நடுக்கம் வரும். மகன் போராடினார், எழுத்தாளர் வோல்தேர் அவருக்காக எழுதினார், 12 வருஷம் கழித்து 1778-இல் தீர்ப்பு ரத்தானது.

இந்த இரண்டு பேருக்கும் நடந்தது தவறான தீர்ப்பு, உங்கள் நடுவர் விஷயம் அப்படியில்லை, அவர் பேசியது உண்மைதானே என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். குற்றமற்றவர் என்று விடுவிப்பது வேறு, குற்றம் செய்தவரை மறுபடி சேர்ப்பது வேறு. ஆனால் லல்லி கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. அதே 1758-இல் தஞ்சாவூர்ப் படையெடுப்பின்போது கீழ்வேளூர்க் கோயிலைக் கொள்ளையடித்து, அங்கிருந்த பிராமணர்களை ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்டுப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். அவர் தலை போனது பாரிசின் மானம் போனதற்காக. திரும்பக் கிடைத்தது பாரிசில் பறிபோன கௌரவம். தண்டித்தபோதும் சரி, விடுவித்தபோதும் சரி, கீழ்வேளூரில் யாரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் மகளை நீங்கள் கேட்டீர்களா?

உங்கள் தீர்ப்பில் எனக்கு உள்ள பெரிய குறை அதுதான். நீங்கள் ரத்து செய்ததற்கும் வீடியோவில் அடிபட்டவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்பான்சர் ஒருவர் போன் செய்தார், பயந்தீர்கள். பயப்படுவதில் தப்பில்லை, விழா நடத்துகிறவர்களுக்கு ஆயிரம் கஷ்டம். ஆனால் அதை நீதி என்று சொல்லி அறிவிப்பு ஒட்டாதீர்கள்.

என் வீட்டுக்குப் பக்கத்தில் கரையேறவிட்டகுப்பம். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட, கல் மிதந்து வந்து ஒதுங்கிய இடம் என்பார்கள். சித்திரையில் அங்கே நடக்கும் விழாவுக்கும் மைக் செட் போட்டிருக்கிறேன். வருஷா வருஷம் சொற்பொழிவு கேட்டுக் கேட்டு அந்தக் கதை எனக்கு மனப்பாடம். சமணத்துக்குப் போய் இதே திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்று பெரிய ஆளாக இருந்தவருக்குச் சூலை நோய் வந்தது. அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். சமணப் பள்ளிக்கு நான் வரமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். பெரிய புராணத்தில் எனக்குப் பிடித்த இடம் அது. தம்பி வலியோடு ராத்திரியில் திருவதிகை வரைக்கும் நடந்து வர வேண்டியிருந்தது. வந்து விழுந்தவருக்கு அக்கா திருநீறு கொடுத்தார், குத்திக் காட்டவில்லை. மன்னிக்க உரிமை அக்காவுக்கு இருந்தது. இறங்கி வரவேண்டிய வேலை தம்பிக்கு இருந்தது. அக்கா அவரைத் தேடியும் போகவில்லை, கதவைத் தாழ்ப்பாள் போடவும் இல்லை.

அதே கதையில் சொற்பொழிவாளர்கள் வேகமாகத் தாண்டிப் போகும் ஓர் இடமும் உண்டு. அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டு, விஷம் கொடுத்து, கடலில் தள்ளிய பல்லவ அரசன் கடைசியில் மனம் மாறுகிறான். மாறியதும் பாடலிபுத்திரத்து, அதாவது இதே திருப்பாதிரிப்புலியூரின், சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் கோயில் கட்டினான் என்று புராணம் பெருமையாகச் சொல்கிறது. திருந்திவிட்டேன் என்று காட்ட இன்னொருவர் கூரையைப் பிரிப்பது அன்றைக்கே இருந்திருக்கிறது. பொன்னாடை போர்த்திய மன்றம், வீடியோ ஏற்றிய மன்றம், ஒரே ராத்திரியில் அவர் மேல் மொத்தத்தையும் ஏற்றிவிட்டுச் சுத்தமாகிக்கொண்டபோது எனக்கு அந்த அரசன்தான் ஞாபகத்துக்கு வந்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். சிரித்த நானும் அந்தக் கூட்டம்தான்.

இன்னொருவரைச் சொல்லாமல் விட முடியாது. சுதந்திரப் போராட்டக்காரர் வ.வே.சு. ஐயர். 1910-இல் புதுச்சேரிக்குத் தப்பி வந்து 10 வருஷம் இருந்தவர், குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது அங்கேதான். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய மனிதர், சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தியபோது பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்பதற்கு இடம் கொடுத்தார். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் சண்டைக்கு வந்தார்கள். எவ்வளவு கோபமான சண்டை என்பது சரித்திரம். ஆனால் கோரிக்கை ஒரு வரியில் இருந்தது: எல்லாப் பிள்ளையும் ஒரே பந்தியில் உட்காரட்டும். அதைச் செய்தால் சண்டை முடிந்தது. ஐயர் 1925-இல் பொறுப்பை விட்டார். அதே வருஷம் ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய்ச் செத்தார். திருத்திக்கொள்ள அவருக்கு நாள் இல்லாமல் போனது. நம் ஆளுக்கு இருக்கிறது. ஆனால் நீங்கள் அவரிடம் என்ன கேட்டீர்கள்? ஒன்றும் கேட்கவில்லை. வராதே என்றீர்கள். ஒரு பந்தியில் உட்கார் என்பது போல ஒரு வரி உங்களிடம் இல்லை.

அவருக்கு ஒன்றும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் அடுத்த மாதம் சிங்கப்பூர் போவார், ஒரு வருஷம் கழித்து வேறு சேனலில் வருவார். பெரிய ஆட்களுக்கு இந்தக் கேன்சல் எல்லாம் ஒரு நீண்ட லீவு. பட்டிமன்றமே நின்றுபோனதில், அணிக்கு 3 பேர் வீதம் பேச இருந்த 6 பேருக்குத்தான் வேட்டு. அதில் இரண்டு பெண்கள், ஒருவர் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறிவிட்ட பிறகு செய்தி போயிருக்கிறது. அவர்களுக்குப் பேசிய பணத்தைக் கொடுத்தீர்களா என்று அவர்களைக் கேட்டேன். இல்லை என்றார்கள். என் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காததற்கு நன்றி. அதை அந்த அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன், கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? அவரை நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மன்னிக்க நீங்கள் யார், நான் யார். அது அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுடையது, அவர்கள் மன்னிக்காமலே சாகவும் அவர்களுக்கு உரிமை உண்டு. உங்கள் கையில் இருப்பது மேடைக் கதவு. அது எப்போது திறக்கும், திறக்க அவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது உங்கள் வேலை. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, போடுங்கள். அந்த 'இருந்தால்' இல்லாமல், அதே ஊரில், அதே மேடையில் வந்து பேசட்டும். பட்டிமன்றம் வேண்டாம், சம்பளம் வேண்டாம், பொன்னாடை கண்டிப்பாக வேண்டாம். அதற்கு முன்னால், அவரை மேடை ஏற்றிய மன்றம் என்ற முறையில் தலைவர் ஐயா இரண்டு நிமிஷம் பேச வேண்டும். எடுத்துவிட்ட வீடியோவுக்குப் பதிலாக அதை ஏற்றுங்கள்.

மகளிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நிறையச் சிரித்தாள், லல்லி வந்த இடத்தில் கொட்டாவி விட்டாள். முடிந்ததும் சொன்னாள்: "நான் மன்னிக்க மாட்டேன்ப்பா. ஆனா அவரு சாவுற வரைக்கும் வீட்ல உக்காரணும்னு நான் எப்பவும் கேக்கல. என்னை யாரும் எதுவும் கேக்கவே இல்ல." அப்புறம், அப்படி ஒரு கூட்டம் நடந்தால் வருவாயா என்றேன். வேலை இல்லாத நாளாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள், வந்தாலும் பேசுவேன் என்று நிச்சயமில்லை என்றாள். புதுச்சேரியில் ஒரு லேபில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் லீவு.

எனவே ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள். டவுன் ஹால் கிடைக்காவிட்டால் சின்ன மண்டபம் போதும். மேடைக்கு ஒரு மைக், கீழே கேட்கிறவர்கள் பக்கம் இரண்டு கார்டுலெஸ். கீழே இருக்கும் மைக்கின் வால்யூமை மேடைக்குச் சமமாக வைப்பேன், அதில் யார் சொன்னாலும் கேட்க மாட்டேன். செட்டுக்கு வாடகை வேண்டாம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும், அதற்கு டீசல் மட்டும் மன்றம் போட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைக் செட்காரன்,
வண்டிப்பாளையம், கடலூர்